டயாலிசிஸ் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?



நம் குழுக்களில் சில குடும்பங்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். "மிஷின் கத்திக்கிட்டே இருந்துச்சு, பாதியிலேயே நிறுத்தி அனுப்பிட்டாங்க" என்று கூட்டங்களில் சொல்லக் கேட்கிறோம். பாதியில் நின்றால் கழிவும் நீரும் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே குழாய் ஏன் பழுதாகிறது, எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

குழாயின் வேலை

கையில் ஃபிஸ்டுலா தயாராகாதவர்களுக்குப் பெரும்பாலும் கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் போடுவார்கள். அதன் உள்முனை இதயத்தின் அருகில் இருக்கும். வெளியே இரண்டு முனைகள் தெரியும். சிவப்பு முனை ரத்தத்தை எடுக்கும். நீல முனை சுத்தமான ரத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

1. முதலில் வெளியே பார்ப்பார்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, கிளிப் மூடியிருக்கிறதா என்று கவனிப்பார்கள். தலையைத் திருப்பச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள். சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

2. அடுத்து, சிரிஞ்சில் உப்புநீர் செலுத்திப் பார்ப்பார்கள்.

3. சிவப்பையும் நீலத்தையும் மாற்றி இணைப்பதும் உண்டு. இது அன்றைய சமாளிப்புதான். சுத்தமான ரத்தமே மறுபடி இழுக்கப்படுவதால் சுத்திகரிப்பு குறையும்.

4. போட்ட நாளிலிருந்தே ஓடவில்லை என்றால் முனை சரியான இடத்தில் இல்லாமலோ உள்ளே மடங்கியோ இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியும். நன்றாக ஓடிப் பல வாரம் கழித்து நின்றால், ரத்தக்கட்டி அல்லது முனையைச் சுற்றிப் படிந்த சவ்வு காரணமாக இருக்கும்.

5. ரத்தக்கட்டியைக் கரைக்க ஆல்டிபிளேஸ், யூரோகைனேஸ் போன்ற மருந்தைக் குழாய்க்குள் நிரப்பி, அரை மணி முதல் 2 மணி நேரம் வரை வைப்பார்கள்.

6. அதற்கும் சரிவரவில்லை என்றால் குழாயை மாற்றுவார்கள்.

நாம் செய்ய வேண்டியது

சேமிப்பை நோட்டில் எழுதுகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு டயாலிசிஸிலும் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் ஓடியது, எத்தனை மணி நேரம் நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால், குழாய் முழுதாக அடைக்கும் முன்பே டாக்டரிடம் காட்டலாம்.

வீட்டில் மூடியைத் திறக்கக் கூடாது. சிரிஞ்சு போட்டுத் தள்ளவே கூடாது. கட்டி இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போய்விடும். கட்டு நனையக் கூடாது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், குழாய் போட்ட இடத்தில் சீழ் இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் படுக்க வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

அடிக்கடி பழுதானால், "ஃபிஸ்டுலா எப்போ போடலாம் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது பயன்பாட்டுக்கு வர 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகலாம். அதற்கென்று வைத்த கையில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

- நம் குழுவில் யார் வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது? அவர்களிடம் இந்த நோட்டு இருக்கிறதா?
- அவசரத்தில் கூடப் போக யார்? உள்கடன் உடனே தர முடியுமா?
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லோரிடமும் இருக்கிறதா?