சான்றிதழைச் சுவரில் மாட்டினால் போதுமா?

"எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது, ஆடிட் முடிந்துவிட்டது, இன்னும் என்ன வேண்டும்?" ஆயத்த ஆடைத் தொழிலைப் பற்றி எந்தக் கேள்வியைக் கேட்டாலும் கடைசியில் வந்து விழும் பதில் இதுதான். பனியன் கம்பெனிக்காரர் சொல்கிறார், பையர் சொல்கிறார், நிர்வாகவியல் மாணவர்கள்கூட மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். சுத்தப் பேத்தல். ஆடிட்டர் வந்துபோன ஒன்றிரண்டு நாளில் அவர் கண்ணில் என்ன பட்டது என்பதற்கு மேல் அந்தக் காகிதம் எதையும் சொல்வதில்லை. சில சமயம் கண்ணெதிரே இருந்ததைக்கூடச் சொல்வதில்லை.

கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. பாதுகாப்பு, வேலை நேரம், சம்பளம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று உறுதி சொல்லும், இந்தத் துறையில் மதிப்புள்ள சான்றிதழ் அது. சில வாரங்கள்தான். செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. இதைச் சொன்னதும் ஒரு மறுப்பு வரும்: அது விபத்தே இல்லை, பணம் கேட்டு மிரட்டியவர்கள் வைத்த தீ என்று 2020-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டதே என்று. தீர்ப்பு அப்படித்தான். ஆனால் கதவைப் பூட்டியதும் அவர்களா? தீயை யார் வைத்தாலும் உள்ளே இருப்பவர்கள் ஓடிவர வழி இருக்க வேண்டும். அந்த வழி இருக்கிறதா என்று பார்க்கத்தானே ஆடிட்டர் போனார்?

அடுத்த ஆண்டே, 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா இடிந்தது. 1,134 பேர் மாண்டார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய இரண்டு தொழிற்சாலைகள் ஐரோப்பிய பையர்களின் பிஎஸ்சிஐ முறைப்படி ஆடிட் ஆனவை. கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது சமூக ஆடிட்டின் வரம்பில் வராது என்று பிறகு விளக்கம் தந்தார்கள். அப்படியானால் அதே காகிதத்தைக் காட்டி "எங்கள் சப்ளையர் பாதுகாப்பானவர்" என்று கடைக்காரர் ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்?

குறை ஆடிட்டரின் நேர்மையில் மட்டும் இல்லை, ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பல இடங்களில் ஆடிட் கட்டணத்தைக் கட்டுவதே கம்பெனிதான். தேதி முன்கூட்டியே தெரியும். தெரியாவிட்டாலும் எந்த வாரம் என்று தெரியும். வினாத்தாள் கையில் கிடைத்த பிறகு எழுதும் பரீட்சை. முதலுதவிப் பெட்டி நிரம்பும், தீயணைப்புக் கருவிக்குப் புதுச் சீட்டு தொங்கும், கழிவறையில் சோப்பு வரும். ஓ.டி. எனும் மிகைநேர வேலையைக் காட்டும் பதிவேடு உள்ளே போய், எட்டு மணி நேரத்தோடு நிற்கும் இன்னொரு பதிவேடு மேசைக்கு வரும். தொழிலாளியைக் கேள்வி கேட்பது கம்பெனி வளாகத்துக்குள்ளேயே. மறுநாளும் அதே மேஸ்திரியின் கீழ் வேலை பார்க்க வேண்டியவர் என்ன சொல்லிவிடுவார்?

இவ்வளவும் தையல் தளத்தோடு சரி. திருப்பூரில் ஒரு டி-சர்ட் தைக்கப்படுவதற்கு முன்னால் நூற்பு, நிட்டிங், டையிங் என்று பல கைகளைக் கடந்து வருகிறது. பையரின் ஆடிட் பெரும்பாலும் கடைசிக் கையில் நின்றுவிடும். மூன்று வருடம் முடித்தால் மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய "சுமங்கலி திட்டம்" மேற்குத் தமிழகத்தின் பஞ்சாலைகளில் பல காலம் ஓடியது. அந்த ஆலைகளின் நூல், சான்றிதழ் பெற்ற கம்பெனிகளுக்கும் போனது. பருத்தியின் கதை இன்னும் வேடிக்கை. 2020-ல், இந்தியாவின் சுமார் 20,000 டன் பருத்திக்கு இயற்கைப் பருத்தி என்று போலிச் சான்று தயாரிக்கப்பட்டதை, இயற்கைத் துணிக்கான தரச்சான்றை நடத்தும் காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. மோசடி செய்தவர்கள் அரசு இணையதளத்தைப் போலவே ஒன்றை உருவாக்கியிருந்தார்கள்.

மற்ற தவறான நம்பிக்கைகளை உடைக்க இவ்வளவு பாடு தேவையில்லை. விலை அதிகமென்றால் நியாயமான துணி என்பது தவறு. ஒரே தையல் தளத்தில் மலிவு பிராண்டும் விலையுயர்ந்த பிராண்டும் தைக்கப்படுகின்றன. சிஎஸ்ஆர் எனும் சமூகப் பொறுப்புச் செலவு செய்கிற கம்பெனி நல்ல கம்பெனி என்பதும் அப்படியே: 2013 கம்பெனிகள் சட்டம் கேட்கும் இரண்டு சதவீதம், லாபம் வந்த பிறகு செலவிடுவது; லாபம் எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை.

"அப்படியானால் ஆடிட்டே வேண்டாமா?" வேண்டும், பல்லோடு வேண்டும். ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மேயில் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்திட்ட வங்கதேச உடன்பாடு சட்டப்படி கட்டுப்படுத்துவதாக இருந்தது. சோதனை அறிக்கைகள் வெளியிடப்பட்டன; திருத்தாத தொழிற்சாலைக்கு ஆர்டர் நிறுத்தப்பட்டது. முதல் சுற்றிலேயே 80,000-க்கும் மேற்பட்ட குறைகள் சிக்கின. திண்டுக்கல்லிலும் ஒரு பெண் தொழிலாளி கொலையுண்ட பிறகு, 2022-ல் தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் சேர்ந்து உடன்பாடு போட்டன. தளத்தில் வேலை பார்க்கும் பெண்களையே பயிற்றுவித்துக் கண்காணிக்க வைத்த ஏற்பாடு அது. இரண்டிலும் தொழிலாளி வாய் திறக்க முடிந்தது, பிராண்டும் ஒரு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது.

"சின்ன கம்பெனியால் இதற்கெல்லாம் செலவு செய்ய முடியாது" என்ற குறை மட்டும் பாதி நியாயம். ஒரு பிராண்டின் காம்ப்ளையன்ஸ் பிரிவு ஓ.டி. கூடாது என்கிறது, அதே பிராண்டின் கொள்முதல் பிரிவு பீஸுக்கு இரண்டு ரூபாயைக் குறைத்து, ஷிப்மென்ட் தேதியையும் ஒரு வாரம் முன்னால் இழுக்கிறது. அந்த இரண்டு ரூபாய் ஏற்றுமதியாளரிடமிருந்து, அவருக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரருக்கு இறங்கி, கடைசியில் பீஸ் ரேட்டில்தான் வெட்டு விழுகிறது. போதாக்குறைக்குப் பணம் மாதக்கணக்கில் வராது. ஆகவே பொறுப்பான கம்பெனியா என்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் பேமென்ட் லெட்ஜரைக் கேளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்கும் ஜாப் ஒர்க்காரருக்கு அடுத்த ஆர்டர் கிடைப்பதில்லை.