எழுபது வளைவுகளும் இரண்டு முன் டயர்களும்

கேள்வி: கொல்லிமலை செம்மேட்டில் எனக்குக் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. சென்ற ஆண்டு சேலத்திலுள்ள ஒரு விற்பனை நிலையத்தில், டர்போ பெட்ரோல் இன்ஜின் கொண்ட ஸ்போர்ட்ஸ் செடான் கார் ஒன்றை என் பெயரிலேயே வாங்கினேன். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று முதல் சர்வீஸிலேயே சொன்னேன்; ஜாப் கார்டிலும் எழுதினார்கள். 14,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் முன் டயர்கள் இரண்டும் உட்புற ஓரத்தில் மொட்டையாகிவிட்டன. பின் டயர்கள் நன்றாகவே உள்ளன. விற்பனை நிலையத்தார், "மலையில் ஓட்டினால் டயர் இப்படித்தான் போகும், இதற்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்கிறார்கள். டயர் கம்பெனி ஆய்வாளரோ, "டயரில் குறை இல்லை, அலைன்மென்ட் சரியில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் யார்மீது வழக்குத் தொடுப்பது? காரையே மாற்றித் தரும்படி கேட்கலாமா? வழக்கைச் சேலத்தில்தான் போடவேண்டுமா?

பதில்: தாங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள், ஆயினும் அம்மூன்றுக்கும் விடை கூறுமுன், தாங்கள் கேளாத நான்காவது கேள்வியாகிய 'டயர் எக்காரணத்தால் தேய்ந்தது?' என்பதற்கு விடை காண்பது அவசியம். ஏனெனில், தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் தேய்ந்துபோயிற்று என்று முறையிடுகிறவருக்கு எந்த நியாய ஸ்தலமும் நஷ்டஈடு வழங்குவதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தனது 2(10)-ஆம் பிரிவில், சட்டப்படியோ, ஒப்பந்தப்படியோ, வணிகர் தாமே வாய்விட்டுச் சொன்னபடியோ ஒரு பொருளுக்கு இருக்கவேண்டிய தரத்தில் பழுதோ குறைவோ ஏற்பட்டிருந்தால் மட்டுமே அதனைக் குறைபாடு என்று கொள்கிறது. எதிர்பார்த்ததற்கு முன்பே தேய்ந்தது என்பது வருத்தத்துக்குரிய விஷயமே ஒழிய, அதுவொன்றே இவ்விலக்கணத்துள் அடங்கிவிடாது.

விற்பனை நிலையத்தார் சொல்வதில் உள்ள நியாயத்தையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். காரவள்ளி அடிவாரத்தை விட்டுச் சோளக்காட்டை எட்டும்வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தங்களுடையதைப்போல் முன் சக்கரங்களே இழுத்துச் செல்லும் வண்டியில், இன்ஜினின் விசையை ஏற்பதும், ஸ்டியரிங்குக்குப் பணிந்து திரும்புவதும், இறக்கத்தில் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் ஆகிய மூன்று பாரங்களும் அந்த இரண்டு டயர்களின் தலைமீதே விழுகின்றன. ஸ்போர்ட்ஸ் செடானுக்குப் பொருத்தப்படும் டயரோ, சாலையைப் பற்றிக்கொள்ளவேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் மென்மையான ரப்பரால் ஆக்கப்பட்டது. பற்றும் குணம் மிகுந்தால் உழைக்கும் குணம் குறைவது ரப்பரின் சுபாவம். ஆகவே, தங்கள் முன் டயர்கள் அகலம் முழுதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், 'வழக்கு வேண்டாம், புது டயர் வாங்கிப் போட்டுக்கொண்டு, இனியேனும் கிரமமாக முன்பின் மாற்றிப் போடுங்கள்' என்று இரண்டே வரியில் இந்தப் பதிலை முடித்திருப்பேன்.

ஆனால் தாங்கள் எழுதியிருப்பது உட்புற ஓரம். வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. வளைவுகளில் வேகமாகத் திருப்பப்படும் வண்டியின் முன் டயர்கள் பெரும்பாலும் வெளிப்புறத் தோளில்தான் உருண்டு தேயும். காற்று குறைந்திருந்தால் இரண்டு ஓரங்களும், காற்று மிகுந்திருந்தால் நடுப்பகுதியும் தேயும். வெளித்தோள் திடமாக நிற்க, உள்ளோரம் மட்டும் இரண்டு டயர்களிலும் ஒருசேர மொட்டையாவது, சக்கரங்கள் நிற்கவேண்டிய கோணத்தில் நிற்கவில்லை என்பதற்கே பெரும்பாலும் அறிகுறி. முன் சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் சற்றே குவிந்தோ விரிந்தோ நிற்கும் அளவை டோ என்றும், சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவை கேம்பர் என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். டோ விரிந்திருந்தாலும், கேம்பர் அளவுக்குமேல் உட்சாய்ந்திருந்தாலும் உள்ளோரம் தின்னப்படும். கேம்பர் இருபுறமும் ஒத்திராவிடில் வண்டி ஒருபக்கம் இழுக்கவும் செய்யும். தாங்களே ஒரு பரிசோதனை செய்யலாம். வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்து, டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒருமுறை உள்ளிருந்து வெளியேயும், மறுமுறை வெளியிலிருந்து உள்ளேயும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லைத் தடவினாற்போலவும் பட்டன்களின் விளிம்பு கையில் குத்துமானால், டோ கோணம் தவறியிருப்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேறில்லை. மலைப்பாதையே காரணம் என்று வாதாடுகிறவர், அம்மலைப்பாதை வெளித்தோளை விட்டுவிட்டு உள்ளோரத்தை மட்டும் தின்றது எப்படி என்பதற்கு விடை சொல்லியாகவேண்டும்.

லாரித் தொழிலுக்கும் டயர் ரீட்ரெடிங் பட்டறைகளுக்கும் பேர்போன நாமக்கல்லில், டயரைத் தொட்டமாத்திரத்தில் 'இது உள்பக்கம் தின்கிறது, டோவைப் பார்' என்று சொல்லிவிடக்கூடிய அனுபவசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் அபிப்பிராயத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எனினும் நுகர்வோர் ஆணையத்தின்முன் வாய்வார்த்தை செல்லாது. எனவே, கணினி அலைன்மென்ட் வசதியுள்ள, இவ்விவகாரத்தில் சம்பந்தமில்லாத ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்று, எதையும் திருத்துமுன் இருக்கும் அளவுகளை அச்சிட்ட தாளாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் தங்கள் வண்டியின் பதிவெண், தேதி, ஓடிய கிலோமீட்டர் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் முதலில் திருத்திவிட்டுப் பிறகு தாள் கேட்பவர்கள், தம் வழக்கின் பாதியைப் பட்டறைத் தரையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். முதல் சர்வீஸின் ஜாப் கார்டு நகல், அன்று அலைன்மென்ட் பார்த்ததாகப் பணம் வாங்கியிருந்தால் அதன் பில், டயர் ஆய்வாளரின் கடிதம் ஆகியவற்றோடு இந்தத் தாளும் சேர்ந்துவிட்டால், தங்கள் பக்கம் பலமானதாகிவிடும்.

தேய்ந்த டயரோடு அந்த மலையில் ஏறி இறங்குவதை இன்றே நிறுத்துங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆம் விதிப்படி காரின் டயரில் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கவேண்டும். மொட்டை டயரோடு ஒரு விபத்து நேர்ந்தால், தங்கள் கவனக்குறைவைச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தகராறு செய்யக்கூடும். புது டயர் போடும் கடையில், 'பழசைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்கிறோம்' என்பார்கள். அந்தச் சொற்பத் தொகைக்கு ஆசைப்பட்டு அவற்றைத் தந்துவிடாதீர்கள். பக்கச் சுவரிலுள்ள எண்களும், நான்கிலக்கத் தயாரிப்பு வாரக் குறியும் தெரியும்படி புகைப்படம் எடுத்து, எது இடது, எது வலது, எந்தப் பக்கம் உட்புறம் என்று சாக்கட்டியால் எழுதி, வெயில் படாமல் வைத்திருங்கள். பின்னால் ஆணையத்தில் காட்டவேண்டிய முதல் சாட்சி அவைதான்.

இனி, யார்மீது வழக்கு என்பது. டயரில் உற்பத்திக் குறை இருப்பதற்கான அறிகுறி எதுவும் தங்கள் கடிதத்தில் காணப்படாமையால், டயர் கம்பெனிமீது பரிகாரம் கிடைக்கும் என்று நான் கருதவில்லை; இருந்தும், 'குறை டயரில்தான்' என்று மற்றவர்கள் பிற்பாடு கைகாட்டாதிருக்கும்பொருட்டு அவர்களையும் ஓர் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது உசிதம். அவர்கள் ஆய்வாளர் எழுதிய கடிதமே தங்களுக்குப் பெரிய அனுகூலம் என்பதால், அவர்களோடு விரோதம் பாராட்டவேண்டிய அவசியமும் இல்லை. தங்கள் முறையீட்டின் கூர்முனை விற்பனை நிலையத்தின்மீதே இருக்கவேண்டும்: வண்டி இழுக்கிறது என்று எழுத்தில் பதிந்துகொண்ட பிறகும் கோணங்களைச் சரிபார்த்துத் திருத்தாமல் திருப்பி அனுப்பியது, 2(11)-ஆம் பிரிவு கூறும் சேவைக் குறைபாடு. டயர், வாரண்டியில் விலக்கப்பட்ட தேய்மானப் பொருள் என்று அவர்கள் கையேட்டைக் காட்டுவார்கள். தாங்கள் கேட்பது தேய்மானத்துக்கான பரிகாரமல்ல, சொல்லியும் செய்யப்படாத வேலையால் விளைந்த நஷ்டத்துக்கு என்பதே அதற்குரிய மறுமொழி. தொழிற்சாலையிலேயே கோணம் தவறி வந்திருக்கக்கூடுமாதலால் கார் உற்பத்தியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு தனி அத்தியாயமே வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, அதன்கீழ் பெருந்தொகை கேட்கலாம் என்று தங்களுக்கு யாரேனும் யோசனை சொல்லக்கூடும். அந்த அத்தியாயம் பேசும் தீங்கின் வரையறையில், 2(22)-ஆம் பிரிவின்படி, பொருளுக்கே நேர்ந்த சேதம் அடங்காது. டயர் வெடித்து ஒருவர் காயம்பட்டால் அது பயன்படுமே தவிர, டயர் தேய்ந்ததற்குப் பயன்படாது.

காரையே மாற்றித் தரக் கேட்கலாமா என்றால், கேட்கவேண்டாம். மாருதி உத்யோக் நிறுவனம் மேல்முறையீடு செய்த வழக்கொன்றில், 2006-இல், வாரண்டியின்படி உற்பத்தியாளரின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றித் தருவதோதான், வண்டி முழுவதையும் மாற்றுவதல்ல என்று உச்சநீதிமன்றம் தீர்மானித்திருக்கிறது. பலமுறை அலைன்மென்ட் செய்தும் கோணம் நில்லாமல் மாறிக்கொண்டேயிருந்து, அடிச்சட்டத்திலேயே கோணல் என்று தெரியவந்தால் மட்டும் நிலைமை வேறு; ஃபியட் கார் ஒன்றைப் பற்றிய 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சுதந்திரமான தொழில்நுட்ப நிபுணர் பரிசோதித்து உற்பத்திக் குறை இருப்பதாகச் சொன்னால் விலையைத் திருப்பித் தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் வழி வகுத்திருக்கிறது. இப்போதைக்கு இரண்டு டயர்களின் விலை, கோணங்களைத் திருத்தும் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அளவாகக் கேட்பவரை ஆணையம் கவனித்துக் கேட்கிறது.

வழக்கைச் சேலத்தில் போடவேண்டியதில்லை. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்தரப்பினர் இருக்கும் ஊரையும் வழக்குமூலம், அதாவது வழக்குக்கான காரணம், எழுந்த ஊரையுமே பார்த்தது. புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு முறையீட்டாளர் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்ய இடம் தருகிறது. 1997-க்கு முன்பு கொல்லிமலையே சேலம் மாவட்டத்தில் இருந்தது என்பது வேறு விஷயம். இன்று தங்களுக்குரியது நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை உள்ள வழக்குகளை அது விசாரிக்கும். காரின் விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய், அதற்குமேல் 50 லட்சம்வரை 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே வாதாடலாம் என்பதை, என் தொழிலுக்குப் பாதகமானாலும், சொல்லிவைக்கிறேன்.

காலவரையறை, வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நோட்டீஸ் அனுப்புவதாலும், பதிலுக்குக் காத்திருப்பதாலும் இந்தக் கெடு நீளாது. எதிர்தரப்பினர் 30 நாளில், மிஞ்சினால் மேலும் 15 நாளில், பதில் தாக்கல் செய்தாகவேண்டும். அந்த 45 நாளுக்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டால் டயரை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப 38-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அந்த ஆய்வுக் கட்டணத்தைத் தாங்கள் முன்னதாகக் கட்டவேண்டியிருக்கும். தங்கள் வழக்கில் டயரைவிட வண்டியைப் பரிசோதிப்பதே முக்கியம் என்பதால், நிபுணர் ஒருவரை நியமிக்கும்படி தனி மனு ஒன்றும் போடுங்கள். சோதனையுள்ள வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் கூறுகிறது; அதை நம்பி நாட்காட்டியில் தேதி குறித்துவிடவேண்டாம்.

எதிர்தரப்பினர் எழுப்பக்கூடிய ஆட்சேபணைகளில் இரண்டு கவனத்துக்குரியவை. கார் தோட்ட வியாபாரத்துக்காக வாங்கியது, ஆகவே தாங்கள் நுகர்வோரே அல்ல என்பது ஒன்று. தங்கள் பெயரில் வாங்கி, குடும்பத்தோடு பயன்படுத்தும் காரில் எப்போதாவது மிளகு மூட்டை ஏறியதனால் அது வாணிக நோக்கமாகிவிடாது. ஆனால் சுற்றுலா விருந்தினர்களை வாடகைக்கு ஏற்றிச் செல்வதுண்டு என்றால் அதை முன்கூட்டியே தங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். மற்றொன்று, ஏதோ பள்ளத்தில் இறக்கியதால் கோணம் கெட்டது என்பது. முதல் சர்வீஸின் ஜாப் கார்டு அதற்குப் பெருமளவு விடையளித்துவிடும், சக்கர விளிம்பில் அடிபட்ட தடம் இல்லாதவரையில்.

முதலில் மூன்று தரப்பினருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்துப் விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கே விற்பனை நிலையத்தார் இறங்கிவந்து, 'பாதி விலைக்கு டயர் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம்' என்று சொல்வது அபூர்வமல்ல. ஏற்றுக்கொள்வது தங்கள் விருப்பம். ஆனால் கையெழுத்திடும் காகிதத்தில், கோணங்களை உற்பத்தியாளர் குறித்த அளவுக்குத் திருத்தி அச்சிட்ட தாளோடு தருவதாகவும், குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் அதே உள்ளோரம் மறுபடி தேய்ந்தால் தங்கள் உரிமை அப்படியே நிற்கும் என்றும் இரண்டு வாசகங்கள் இல்லாவிட்டால், பேனாவை மூடி வைத்துவிட்டு நாமக்கல்லுக்கு வண்டியேறுங்கள்.