ராம் வாங்கப் போகிறீர்களா? ஒன்றா, இரண்டா, நான்கா?

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் கடையில் "எத்தனை ஜிபி ராம் போடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதை எத்தனை மாட்யூலாகப் போடுவது என்று கேட்பவர்கள் குறைவு. இதையும் கவனிக்க வேண்டும்.

முதலில் மதர்போர்டு எந்த வகை ராமை ஏற்கும் என்று பாருங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது பொருந்தாது. அழுத்திப் பார்க்காதீர்கள்.

டூயல் சேனல்

16 ஜிபி போதும் என்றால் ஒரே 16 ஜிபி மாட்யூலை விட இரண்டு 8 ஜிபி நல்லது. டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும். இரண்டு சேனலில் 51.2 ஜிபி. இதனால் எல்லா வேலையும் இரு மடங்கு வேகமாகிவிடாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்குத்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எந்த ஸ்லாட்?

நான் வீட்டுக்கு முதன்முதலாக அசெம்பிள் செய்தபோது இரண்டு மாட்யூல்களையும் அடுத்தடுத்த ஸ்லாட்டில் செருகிவிட்டேன். பல மாதம் கழித்து சிபியு-இசட் புரோகிராமில் பார்த்தால் 'சிங்கிள்' என்று இருந்தது! நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள்தான் சரி. மதர்போர்டு மேனுவலில் இது இருக்கும்.

பிறகு சேர்த்துக்கொள்ளலாமா?

ஒரே பெட்டியில் வரும் 'கிட்' ராம்கள் சேர்த்தே சோதிக்கப்பட்டவை. தனியாக வாங்கிச் சேர்த்தால் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. டிடிஆர்5-ல் நான்கு மாட்யூல் போட்டால் வேகமும் குறையும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு மாட்யூலுக்கு 5200. நான்குக்கு 3600 மட்டுமே. எனவே 32 ஜிபி தேவைப்படும் என்று தெரிந்தால் இப்போதே இரண்டு 16 ஜிபி கொண்ட கிட் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக

பெட்டியில் 6000 என்று இருந்தாலும் ராம் தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் வேகத்தைச் சரிபாருங்கள். புது டிடிஆர்5 ராம் போட்டதும் முதல் தடவை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பயந்து பவரை அணைக்காமல் காத்திருங்கள்.