கேப் கன்ட்ரோலர் வாங்கப் போகிறீர்களா? கார்டைத் தேய்க்கும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரர்களுக்கு ரயில் ஆசை வர வெளியூர் போக வேண்டியதில்லை. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் விழுந்தால் வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறோம். எஞ்சின் கடக்கும்போது கண் தானாகக் கேபின் பக்கம் போகிறது. அந்த ஆசை கம்ப்யூட்டரில் டிரெயின் சிமுலேட்டராகி, ஒரு நாள் "கீபோர்டு போதாது, நிஜ லீவர் வேணும்" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். அப்போது எல்லோரும் தேடிப் போவது ரெயில்டிரைவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பி.ஐ. இன்ஜினியரிங் நிறுவனத்தின் தயாரிப்பு. ரிவர்சர், த்ராட்டில், ரயில் பிரேக், எஞ்சின் பிரேக் என்று தனித்தனி லீவர்கள், வேகம் காட்டச் சின்னதாக ஒரு டிஜிட்டல் டிஸ்ப்ளே, மேலே வரிசையாகப் பட்டன்கள்.

நல்ல கருவிதான். ஆனால் ஆசையாக வரவழைத்து, பத்தே நாளில் அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. லீவர் ஒன்று சொல்ல, திரை வேறொன்று செய்யும். அந்த எரிச்சலில் கைவிட்டிருப்பார்கள். கொஞ்சம் முன்னேற்பாடு இருந்தால் இது நடக்காது.

செய்ய வேண்டியவை

• சிமுலேட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், கன்ட்ரோலரை அப்புறம் பாருங்கள். ரெயில்டிரைவர் சாதாரண ஜாய்ஸ்டிக் அல்ல. விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது. அதை அடையாளம் தெரிந்த மென்பொருளில் மட்டுமே வேலை செய்யும்: டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக், பி.சி.யில் டிரெயின் சிம் வேர்ல்டு, ரன் 8, ஓப்பன் ரெயில்ஸ் போன்றவை.

• ஓப்பன் ரெயில்ஸில் தொடங்குங்கள். இலவசம். மைக்ரோசாஃப்ட் 2001-இல் வெளியிட்ட டிரெயின் சிமுலேட்டருக்காகச் செய்த ரூட்டுகளையும் எஞ்சின்களையும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பழைய விளையாட்டோடு வந்த ஆறு ரூட்டுகளில் இந்தியா இல்லை. நம் ஊர் எஞ்சின்களும் ரூட்டுகளும் பிறகு ரசிகர்கள் கைப்பட உழைத்துச் செய்தவை.

• ஒரு மாதமாவது கீபோர்டில் ஓட்டுங்கள். டி, ஏ எழுத்துகளில் த்ராட்டில். செமிகோலனிலும் அதற்கு அடுத்த விசையிலும் ரயில் பிரேக். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள்.

• ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை அன்றே சோதியுங்கள். 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பும்.

• எந்த எஞ்சினை ஓட்டப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். ரெயில்டிரைவரின் அமைப்பு அமெரிக்க டீசல் எஞ்சினை மனதில் வைத்து வந்தது. நம் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினே அமெரிக்காவின் ஆல்கோவிலிருந்து 1962-இல் வந்து, பிறகு வாரணாசியில் தயாரானதுதான். அதனால் ஆல்கோ குடும்பத்துக்கு இந்த லீவர்கள் கைக்கு இயல்பாக வரும். மின்சார எஞ்சின்களில் டபிள்யூ.ஏ.பி.-7-க்கும் சரிப்படும், அதில் இழுவையும் மின் பிரேக்கும் ஒரே கைப்பிடியில், இதிலும் அப்படியே. டபிள்யூ.ஏ.பி.-4 மட்டும் மல்லுக்கு நிற்கும். அதன் 32 நாட்ச்களை மாஸ்டர் கன்ட்ரோலரை ப்ளஸ் பக்கம் தட்டித் தட்டித்தான் ஏற்ற வேண்டும். நிலையாக நிற்கும் லீவரில் அது பொருந்தாது. அந்த எஞ்சினுக்கு நாட்ச் ஏற்ற ஒரு பட்டன், இறக்க ஒரு பட்டன் ஒதுக்கிவிடுங்கள்.

• பி.சி.யின் பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். கரண்ட் இல்லாத மலிவு ஹப்பில் போட்டால் பாதி ஓட்டத்தில் லீவர் செத்துப்போகும். விண்டோஸ் பவர் செட்டிங்கில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

• காலிபரேஷனைப் பொறுமையாகச் செய்யுங்கள். ஓப்பன் ரெயில்ஸ் ஆப்ஷன்ஸில் ரெயில்டிரைவருக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு லீவரையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டே போகும். கேட்ட இடத்தில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு ஓ.கே. கொடுங்கள். லீவரை அழுத்திப் பிடித்தபடியே கொடுத்தால், விட்டதும் அது ஒரு நூல் பின்வாங்கும். அந்த ஒரு நூல்தான் பிறகு "முழுசா ரிலீஸ் பண்ணியும் பிரேக் பிடிச்சிட்டே இருக்கு" என்று உங்களைப் புலம்ப வைக்கும். எஞ்சின் பிரேக் லீவரை வலது பக்கம் சாய்க்கும் பெயில்-ஆஃப் நிலையையும் விடாமல் பதியுங்கள்.

• கிராஜுவேட்டட் ரிலீஸ் என்ற ஆப்ஷனில் டிக் போடுங்கள். இந்தியப் பெட்டிகளில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம். அமெரிக்கச் சரக்கு வண்டியில் தளர்த்தத் தொடங்கினால் முழுவதும் விட்டுப்போகும். டிக் இல்லாவிட்டால் நம் ஊர் வண்டியை அமெரிக்கச் சரக்கு வண்டியாக ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், ஏன் நிற்கவில்லை என்றே புரியாது. அழுத்த அளவையும் கிலோவுக்கு (kg/cm²) மாற்றிக்கொள்ளுங்கள்.

• விளையாட்டைத் திறக்கும் முன்பே கருவியைச் செருகி, லீவர்களை ஓய்வு நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரிவர்சர் நியூட்ரல், த்ராட்டில் பூஜ்யம், எஞ்சின் பிரேக் பிடித்த நிலை. நேற்று விட்ட எட்டாவது நாட்ச்சிலேயே இன்று தொடங்கினால் வண்டி குதிக்கும்.

• பட்டன்களுக்குத் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சேண்ட், அலர்ட், பேண்டோ, பெல் என்று சிலவற்றுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. அலர்ட் பட்டனை வி.சி.டி. என்ற விழிப்புக் கருவிக்கே வைத்துக்கொள்ளுங்கள், நிஜ எஞ்சினிலும் லோகோ பைலட் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கும் பஸ்ஸரும் எழுப்பும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் விழும். அமெரிக்க பாணி பெல் நமக்கு வேண்டாம், அந்தப் பட்டனை ஃபிளாஷர் விளக்குக்குக் கொடுங்கள்.

• வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். லீவருக்குக் கீழே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். புதுச்சேரியின் உப்புக் காற்றும் தூசியும் உள்ளே போனால் அளவு துள்ள ஆரம்பிக்கும். தரைத்தளத்தில் குடியிருந்தால், மழைக்காலத்தில் உயரமான அலமாரியில் வையுங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நகரம் இன்னும் மறக்கவில்லை.

• ராத்திரி ஓட்டும்போது ஹெட்போன் போடுங்கள். லெவல் கிராசிங் வரும்போதெல்லாம் நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும், அதுதான் சரி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அது தெரியாது.

பிரேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், இந்தக் கருவிக்குக் காசு கொடுப்பதே அதற்காகத்தான். நம் டீசல் எஞ்சின்களில் ரயில் முழுவதற்குமான பிரேக் ஏ-9. எஞ்சினுக்கு மட்டும் எஸ்.ஏ.-9. பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் இருந்தால் பிரேக் விட்டிருக்கிறது என்று பொருள். ஏ-9-ஐ மினிமம் ரிடக்‌ஷனில் வைத்தால் நாலரைக்கு இறங்கும், ஃபுல் சர்வீஸில் மூன்றரைக்குப் பக்கத்தில் வரும், எமர்ஜென்சியில் பூஜ்யம். 22 பெட்டி வண்டி அரை கிலோமீட்டருக்கும் நீளம். காற்று இறங்குவது கடைசிப் பெட்டி வரை போய்ச் சேர நேரம் எடுக்கும். கீபோர்டில் விசையைத் தட்டிக்கொண்டே இருக்கும்போது இந்தத் தாமதம் மனதில் பதியாது. லீவரை வைத்து, முள் இறங்குவதைப் பார்த்து, வேகம் குறையும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்போதுதான் பதியும். நாலரைக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் நாலேகாலுக்கு, பிறகு மெல்லத் தளர்த்தல். இந்த மூன்றும் கைக்குப் பழக வேண்டும். ரயில் பிரேக் பிடிக்கும்போது எஞ்சினும் சேர்ந்து பிடிக்கும். அதை மட்டும் விடுவிக்கத்தான் அந்தப் பெயில்-ஆஃப். மின்சார எஞ்சினில் லோகோ பைலட் இதைக் காலால் மிதித்துச் செய்வார்.

பழக ஒரு நல்ல பாடம் சொல்கிறேன். புதுச்சேரி ஸ்டேஷன் போல முட்டுச் சந்தில் முடியும் ஒரு டெர்மினஸைத் தேர்ந்தெடுங்கள். விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் கடந்து வரும் வண்டிக்கு இங்கே அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே சீரான பிரேக்கில், குலுக்கல் இல்லாமல் நிறுத்திப் பாருங்கள். இன்றிரவே தொடங்கலாம்.

செய்யக்கூடாதவை

• மொபைல் கேமுக்காக இதை வாங்காதீர்கள். சென்னையின் ஹைப்ரோ இன்டராக்டிவ் உருவாக்கிய இந்தியன் டிரெயின் சிமுலேட்டர் அருமையான விளையாட்டு, ஆனால் அதைத் தொடுதிரையில் ஆடுவதுதான் முறை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸிலும் ரெயில்டிரைவர் செல்லாது.

• ஜப்பானிய ஒற்றைக் கைப்பிடி கன்ட்ரோலரைப் பார்த்து மயங்காதீர்கள். ஸுய்கி நிறுவனம் 'டென்ஷா டே கோ' விளையாட்டுக்காகச் செய்தது அது. ஜப்பானிய மின்தொடர் வண்டிகளை ஓட்டக் கச்சிதம். ஏ-9-க்கும் எஸ்.ஏ.-9-க்கும் அதில் தனித்தனி இடம் கிடையாது.

• வெளிநாட்டுத் தளத்தில் பார்த்த விலையையே மொத்த விலை என்று நம்பாதீர்கள். கூரியரும் சுங்கவரியும் அதன் மேல் ஏறும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

• செகண்ட் ஹேண்டு கருவிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு லீவரையும் மெல்ல நகர்த்தி, திரையில் எண் சீராக ஏறி இறங்குவதை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். உங்களிடம் உள்ளதை விற்கும்போது "பணம் வர இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யுபிஐ பின் போட்டால் பணம் போகும், வராது. போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

• லீவர் நிற்கும் இடத்தை நம்பாதீர்கள், கேஜைப் பாருங்கள். ரசிகர்கள் செய்த சில எஞ்சின்களில் பிரேக் விவரம் ஏதோ அமெரிக்க எஞ்சினிலிருந்து எடுத்துப் போட்டதாக இருக்கும். வெளியே நம் ஊர் வர்ணம், உள்ளே 90 பி.எஸ்.ஐ. பிரேக். முள் 5 கிலோவில் நிற்கவில்லை என்றால் அந்த எஞ்சினை வைத்துப் பழகாதீர்கள்.

• தளர்த்தி, பிடித்து, தளர்த்தி என்று பிரேக்கை ஆட்டாதீர்கள். பைப்பில் காற்று மீண்டும் ஏற நேரம் வேண்டும். அதற்குள் திரும்பப் பிடித்தால் பிடிப்பு குறைந்துவிடும். நிஜ வண்டியிலும் இது ஆபத்தான பழக்கம்.

• எமர்ஜென்சி முனையை ஸ்டேஷனில் நிற்கப் பயன்படுத்தாதீர்கள். அங்கே போனால் அது தவறாகக் கணித்த ஓட்டம், முதலிலிருந்து ஓட்டுங்கள்.

• ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருளை லீவரோடு பேசவிடாதீர்கள். விளையாட்டின் சொந்த ஆதரவும் வெளியிலிருந்து போட்ட இன்டர்ஃபேஸும் சேர்ந்து ஓடினால் த்ராட்டில் தானாகத் துடிக்கும். ஏதாவது ஒன்றை அணையுங்கள்.

• ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து டி.எல்.எல். ஃபைல் இறக்காதீர்கள். வைரஸுக்கு நீங்களே கதவு திறந்துவிடுகிறீர்கள்.

• லீவர் துள்ளினால் டபிள்யூ.டி.-40-ஐப் பீய்ச்சாதீர்கள். எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைப் பிடிக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேளுங்கள். இணைப்பைக் கழற்றி, அடித்து, நன்றாக உலர்ந்த பிறகு மறுபடி காலிபரேட் செய்யுங்கள்.

• சொந்தமாகக் கன்ட்ரோலர் செய்யப் போகிறவர்கள் ஆர்டுயினோ ஊனோ ஆர்3-ஐ வாங்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு அது நேரடியாகக் கீபோர்டாகவோ ஜாய்ஸ்டிக்காகவோ தெரியாது. லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ கேளுங்கள்.

• "நிஜக் கேபின் எப்படி இருக்கு பார்ப்போம்" என்று எஞ்சினில் ஏறாதீர்கள், வீடியோவுக்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு, அனுமதியின்றி எஞ்சினில் பயணம் செய்ய 156-ஆவது பிரிவு காத்திருக்கிறது. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, பிளாட்பாரத்திலேயே நின்று பாருங்கள்.

• வீட்டில் ஓட்டிப் பழகினால் லோகோ பைலட் வேலை கிடைக்கும் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். உதவி லோகோ பைலட் ஆக ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ போன்ற தகுதி, ஆர்.ஆர்.பி.யின் இரண்டு கட்டக் கணினித் தேர்வு, மனத்திறன் தேர்வு, அதன் பிறகு ஏ-1 மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி இல்லாமல் இரு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும், நிறங்களைப் பிரித்தறிய வேண்டும், லேசிக் செய்தவர்களுக்கு இடமில்லை. வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கனவு இருந்தால், கன்ட்ரோலருக்கு ஆர்டர் போடும் முன் ஒரு கண் மருத்துவரிடம் நிறப் பார்வையைச் சோதித்துவிடுங்கள்.