ஆள் இல்லாத கதிரைக்கு வாடகை

சென்ற பெருநாள் சீசனில் எமது கடையில் நடந்த ஒரு விடயத்தைச் சக வியாபாரிகளுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என எண்ணுகிறேன்.

புறக்கோட்டையில் எமக்குப் புடவை மொத்த வியாபாரம். இருப்பு, விற்பனைச் சிட்டை, கடன் கணக்கு எல்லாம் ஃபைல்மேக்கர் என்ற தரவுத்தள மென்பொருளில் உள்ளன. சேர்வருடன் இணைந்த கணனிகள் எட்டு. ஆனால் எமது லைசன், ஒரே நேரத்தில் ஐந்து பேர் பாவிப்பதற்கு மட்டுமே.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடை திறந்ததும் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் லொறியுடன் வந்து நின்றார். காசாளர் தம்பி ஓடி வந்தார். "நானா, உள்ளுக்குப் போக முடியல்ல. ஆட்கள் கூடிட்டாங்களாம்."

கையால் சிட்டை எழுதினோம். அவரது பழைய நிலுவையைப் பார்க்க வழியில்லை. கடன் எல்லையைத் தாண்டிச் சரக்கு ஏறிவிட்டது. அந்தப் பணம் வந்து சேர நான்கு மாதங்கள் சென்றன.

மேலும் லைசன் வாங்கத் தீர்மானித்தேன். கணனி தெரிந்த மச்சான் தடுத்தார். "முதல்ல உள்ளுக்கு யார் இருக்காங்க என்று பாருங்க" என்றார். சேர்வரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்திருப்பவர்களின் பட்டியலும் இணைந்த நேரமும் தெரியும். ஐந்து இடங்களில் இரண்டில்தான் வேலை நடந்தது. களஞ்சியத் தம்பி சரக்கு இறக்கப் போயிருந்தார். கணக்காளர் அரை நாள் லீவில் வீடு சென்றிருந்தார். மற்றது காலையில் திறந்து, மூடாமல் விட்ட எனது கணனி!

இதிலிருந்து நான் கற்றவை:

1. லைசன் வகையை அறியுங்கள். சில லைசன்கள் ஆட்களை எண்ணுகின்றன. சில, ஒரே நேர இணைப்புகளை எண்ணுகின்றன. இரண்டாவது வகையில்தான் திறந்துவிட்டுப் போன கணனி இன்னொருவரின் இடத்தைப் பிடிக்கும்.

2. கால எல்லை வையுங்கள். வேலையின்றி இத்தனை நிமிடம் இருந்தால் இணைப்பைத் துண்டிக்குமாறு சேர்வரில் அமைக்கலாம். அது மட்டும் போதாது. எந்த வகைப் பாவனையாளருக்கு இது பொருந்தும் என்பதையும் கோப்பின் அதிகாரப் பகுதியில் குறிக்க வேண்டும்.

3. எல்லோருக்கும் முதலாளியின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். நாம் கால எல்லை வைத்தும் முதலில் ஒருவரும் துண்டிக்கப்படவில்லை. காரணம், அனைவரும் முழு அதிகாரக் கணக்கில் நுழைந்திருந்தார்கள். அந்தக் கணக்கை இவ்வெல்லை தொடாது. ஒவ்வொருவருக்கும் வேலைக்கேற்ற தனிக் கணக்குத் திறந்த பின்னரே பலன் கிடைத்தது. யார் எதைத் திருத்தினார் என்பதும் இப்போது தெரிகிறது.

4. எல்லையை மிகக் குறைக்காதீர்கள். பத்து நிமிடம் வைத்தபோது, பாதி எழுதிய சிட்டையுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் வெளியே தள்ளப்பட்டார், எழுதியதும் போனது. இப்போது முப்பது நிமிடம். அவசரமென்றால் பட்டியலில் ஒருவரைத் தெரிவு செய்து, முதலில் அறிவித்தல் அனுப்பிவிட்டுத் துண்டிக்கலாம்.

5. பழக்கத்தை மாற்றுங்கள். எழுந்து போகுமுன் சேமித்துவிட்டு வெளியேறுவது கடையின் சட்டமாகட்டும். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் பதிவை மூடாமல் போனால், மற்றவர் அதே பதிவைத் திருத்த முடியாது. இது லைசன் எத்தனை இருந்தாலும் தீராத பிரச்சினை.

இவையெல்லாம் செய்த பின்னரும் ஐந்து பேரும் உண்மையில் வேலை செய்துகொண்டிருக்க, ஆறாமவர் வாசலில் நின்றால் தாராளமாக லைசன் வாங்குங்கள். அது வியாபாரம் வளர்ந்ததன் அடையாளம். நாம் இன்னும் ஐந்துடனேயே சமாளிக்கிறோம்.

வேறு மென்பொருள் பாவிப்பவர்கள், இவ்வசதி உண்டா என விற்றவரிடம் கேளுங்கள். நாளை பகல் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் பெயர் உங்களுடையதாகவும் இருக்கலாம்.