வீட்டுப் பராமரிப்பு: நோயாளர் பார்வையும் உறவினர் பார்வையும்

நோயுற்றோரை வீட்டில் வைத்துப் பராமரிப்பது நமக்குப் புதியதன்று. ஆயினும் அப்பராமரிப்பு நன்றா, குறையுள்ளதா என்று சொல்ல வேண்டியவர் யார்? வைத்தியரா? வந்துபோகும் தாதியா? கட்டிலிற் கிடப்பவரா? இரவு பகலாய் அருகிலிருக்கும் மனைவியா, மகளா?

தொடக்கம்

1859 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், தம் மனைவியை இறுதி நோயில் வீட்டிலே பராமரித்த மேரி றொபின்சன் என்ற தாதியை, அந்நகரத்து ஏழை நோயாளரின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். தாதியர் வீடு தேடிச் செல்லும் சேவை அங்கு இவ்வாறு வேரூன்றியது. நம் அயலிலுள்ள கேரளத்தில், 1993 இல் கோழிக்கோட்டில் நோவு தணிக்கும் சேவையொன்று ஆரம்பமாயிற்று. பின்னர், பயிற்சி பெற்ற அயலவர்கள் தாதியரோடு வீடு வீடாகச் செல்லும் முறை அங்கு வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு இப்பணிக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது.

மூன்று அளவுகோல்கள்

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று வகையில் அளக்கலாமென அவேடிஸ் டொனபீடியன் என்னும் வைத்தியர் 1966 இல் எழுதினார். தாதியின் பயிற்சி, கட்டில், மருந்து முதலியன அமைப்பு. பணி செய்யப்படும் விதம் செயல்முறை. நோவு தணிந்ததா, புண் ஆறியதா என்பது விளைவு. அலுவலர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் பதிவேட்டிற் குறிப்பர். வீட்டிலிருப்போர் நாள்தோறும் காண்பதோ இரண்டாவதையே.

நோயாளர் காண்பது

சொன்ன நேரத்துக்குத் தாதி வந்தாரா? முன்பு வந்தவரே வந்தாரா, புதியவருக்கு எல்லாவற்றையும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்ததா? உடல் துடைக்குமுன் கதவைச் சாத்தினாரா? என்னிடம் பேசினாரா, என் தலைக்குமேலாக மகளிடம் பேசினாரா? இவை சிறியனவாகத் தோன்றலாம். எழும்ப இயலாதவருக்கு எஞ்சியிருக்கும் மானம் இவற்றிலேயே தங்கியுள்ளது.

உறவினர் காண்பது

படுக்கைப் புண் வராதிருக்க, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டும்படி சொல்லுதல் எளிது. நள்ளிரவில் தனியே நின்று புரட்டுபவருக்கோ, எவ்விடத்திற் பிடிப்பது, எவ்வாறு முதுகு நோகாமற் திருப்புவது என்று கைபிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும். திடீரென மூச்சு மாறினால் யாரை அழைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமக்குச் சில மணி நேர ஓய்வு கிடைக்குமா என்பதும் அவர் கேட்காமற் கேட்கும் கேள்வியாகும்.

இரு பார்வைகளும் மாறுபடும்போது

பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாதென்று நோயாளர் நோவை மறைப்பதுண்டு. தாயின் முனகலைக் கேட்டு உள்ளம் நொந்த மகள், நோவை உள்ளதிலும் கூடுதலாகக் கூறுவதுமுண்டு. குறை சொன்னால் வருபவரும் நின்றுவிடுவாரோ என்றஞ்சி, “ஒரு குறையுமில்லை” என இருவருமே சொல்லிவிடுவர். ஆகவே, இருவரையும் தனித்தனியே கேட்பது அவசியம். “திருப்தியா?” என்று பொதுப்படக் கேட்பதிலும், “நேற்றிரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள்?” என்று கேட்டால் உண்மை வெளிவரும். இவ்வாறு கேளாதவிடத்து, பராமரிப்பவரே அடுத்த நோயாளராகிவிடுவார்.

நமது கடமை

2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இத்தொகை வளர்ந்துகொண்டே செல்கின்றது. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியவரை முதியவரே பராமரிக்கும் வீடுகள் நம் பங்குகளிற் பலவுள. நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்வோரும், வின்சென்ட் டி போல் சபையினரும் அவ்வீடுகளை நன்கறிவர். கட்டிலருகே செபித்து முடித்ததும், குசினி வாசலில் நிற்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். “இன்று பின்னேரம் நான் இருக்கிறேன், நீங்கள் சற்றுப் படுங்கள்” என்று ஒருவர் சொல்வாராயின், அவ்வீட்டின் பராமரிப்பு அன்றே ஒருபடி உயரும்.

சிந்தனைக்கு:

1. நமது வட்டாரத்தில், படுக்கையிலுள்ள ஒருவரைத் தனியே பராமரிப்போர் எத்தனை பேர்?

2. அவர்களுள் ஒருவருக்கேனும் வாரத்தில் ஒரு பின்னேர ஓய்வை நாம் கொடுக்க முடியாதா?