நீறு பூத்த நெருப்பு

தில்லியில் ஜூலை மாதம் மழை தொடங்கியதும் தெருமுனைகளில் மக்காச்சோளக் கதிர் சுட்டு விற்போர் தோன்றிவிடுவர். அவர்கள் முன் கனன்றுகொண்டிருக்கும் சிறிய கரியடுப்பை இந்தியில் அங்கீட்டி என்றும் சிகடி என்றும் அழைப்பர். தமிழில் அதற்குக் குமுட்டி அடுப்பு என்று பெயர். எரிவாயு வருவதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகளிலும் பால் காய்ச்சவும் அப்பளம் சுடவும் இது பயன்பட்டது.

இதன் அமைப்பு எளியது. வாளி போன்ற இரும்புக் கலத்தின் நடுவே கம்பித்தட்டு இருக்கும். தட்டின் மேல் கரி. கீழே சாம்பல் விழும் அறை. அவ்வறையின் பக்கவாட்டில் காற்று நுழையும் வாய். பழைய வாளியின் உட்புறம் களிமண் பூசி, குறுக்கே கம்பிகள் பொருத்தி, இவ்வடுப்பை வீட்டிலேயே செய்துகொண்டவரும் பலர். கைப்பிடியைப் பற்றி முற்றத்திற்கோ மாடிக்கோ தூக்கிச் செல்லலாம்.

அடுப்பை வாங்குவது எளிது. அதில் சுடக் கற்பதற்குப் பொறுமை வேண்டும். கரியைப் பற்றவைத்தவுடன் புகை எழும். பின்னர் சுடர் விடும். பசி மிகுந்தவர் அப்போதே கதிரையோ கத்தரிக்காயையோ வைத்துவிடுவர். மேற்புறம் கருகும்; உட்புறம் வேகாது. தேர்ந்தவர் காத்திருப்பர். சுடர் அடங்கி, கரித்துண்டுகள் சிவந்து, அவற்றின் மேல் வெண்சாம்பல் மெல்லப் படரும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று தமிழர் கூறுவது இந்நிலையையே. சுடுவதற்கு உரிய வேளையும் இதுவே. இப்போது வெப்பம் சுடராய்த் தாவாமல் தணலிலிருந்து சீராக வீசும். கதிரைத் திருப்பித் திருப்பி வாட்டினால் மணிகள் பொன்னிறமாகும். சில படபடவென வெடிக்கும். வணிகர் பாதி எலுமிச்சையை உப்பும் மிளகாய்ப்பொடியும் கலந்த கிண்ணத்தில் தொட்டுக் கதிர் முழுதும் தேய்த்துத் தருவார். அந்தச் சுவைக்காகவே மழையில் நிற்போர் உண்டு! தணல் சற்றுத் தணிந்தால் விசிறியால் இரண்டு வீச்சு போதும். காற்று கூடினால் கனல் கூடும். வாயை அடைத்தால் குறையும்.

வேலை முடிந்ததும் சாம்பலை அடுப்பிலேயே விட்டுவைத்தல் ஆகாது. ஈரம் பட்ட சாம்பல் இரும்பை அரிக்கும். ஆயினும் ஆறுவதற்கு முன் அதனைக் குப்பையில் கொட்டுவது அதைவிடத் தீங்கு. சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும்.

மழைக்காலத்தில் சுவை தரும் இதே தணல் பனிக்காலத்தில் உயிரைக் கவர்வதும் உண்டு. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் குளிர் தாங்காதவர்கள் அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுசென்று கதவையும் சன்னலையும் அடைத்து உறங்கிவிடுகின்றனர். புகை இல்லை, சுடரும் இல்லை, ஆதலால் தீங்கும் இல்லை என நினைக்கின்றனர். உண்மை வேறு. கரி எரிகையில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலடுக்கிலுள்ள செங்கனலைக் கடக்கும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. திறந்த வெளியில் அது காற்றில் கலந்து அகலும். கரியின் மேல் சிலபோது நீலச் சுடர் ஆடுவது இவ்வாயு எரிவதனாலேயே. மூடிய அறையிலோ அது சிறிது சிறிதாகச் சேர்கிறது.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜன் இணைவதைவிட இது 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இணையும். எனவே மூச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனுக்கு ஏங்குகிறது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பிறகு மயக்கம். உறங்குபவரோ இவற்றை உணர்வதே இல்லை. இருமல் வந்து எழுப்பும் என்று நம்புவதற்கும் இடமில்லை. புகையைப் போல் இவ்வாயு தொண்டையை உறுத்தாது.

இத்தகைய அறையில் எவரேனும் மயங்கிக் கிடந்தால், கதவு சன்னல்களைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றிற்குக் கொண்டுவந்து, 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அடுப்பின் மேல் நீர் ஊற்றிக்கொண்டு நிற்பதற்கு அது நேரமன்று.

பயிற்சி

1. ‘நீறு பூத்த நெருப்பு’ சுடுவதற்கு ஏற்றதாவது ஏன்?
2. புகையும் சுடரும் இல்லாத தணல் மூடிய அறையில் தீங்கு செய்வது எவ்வாறு?
3. தணல், கங்கு, சாம்பல், சுடர் – இச்சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
4. உங்கள் ஊரில் கரியடுப்பு எங்கெல்லாம் பயன்படுகிறது? பார்த்து வந்து ஐந்து வரிகளில் எழுதுக.